நீ என்பது மரியாதைச் சொல்

ஒடென்சே
3 செப்டம்பர் 2025

மதிப்புக்குரிய திரு. பாக்கியராசா அவர்களுக்கு,

ஒடென்சே தமிழ் வாசகர் வட்டத்தின் நிர்வாகக் குழு கடந்த ஞாயிற்றுக்கிழமை கூடி, வட்டத்தின் பதினேழு ஆண்டு வரலாற்றில் இதற்கு முன் எவரும் துணியாத தீர்மானம் ஒன்றை எடுத்துள்ளது என்பதை அறியத்தருகிறேன். இனிமேல் மிதிவெடி, பேச்சு முடிந்த பின்னரே பரிமாறப்படும். முன்பு பேச்சுக்கு முதலே பரிமாறினோம்; மிதிவெடி தீர்ந்ததும் சபையும் தீர்ந்துவிடுவதை நீங்கள் அறிவீர்கள். பாதி முட்டையை உள்ளே வைத்துப் பொரித்த பலகாரம் ஒன்றை ஆறவைத்துத் தின்னும் அளவுக்கு எந்த இலக்கியமும் பெறுமதியானதல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இரண்டரை மணி நேர விவாதத்தின் பின் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

அதே கூட்டத்தில் ஆபிரிக்காவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு நான்கு நிமிடம் பிடித்தது. நவம்பர் 15, சனிக்கிழமை, 'ஆபிரிக்கா: அந்நியர் ஆட்சியும் அதன் பிறகும்' என்ற தலைப்பில் உரை. நேரம் நாற்பது நிமிடம். அங்கே ஐம்பத்துநான்கு நாடுகள் இருப்பதால் நாட்டுக்கு ஒரு நிமிடம்கூட வராது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அது குறிப்பில் சேர்க்கப்பட்டது.

பேச்சாளராகத் தெரிவு செய்யப்பட்டவர் ஹோல்ம். மீன் தொழிற்சாலையில் உங்களோடும் என்னோடும் ஒரே மேசையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஹெரிங் வெட்டிய கானா நாட்டவரை நான் உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பதினெட்டு வருடமாக அவர் கதவும் என் கதவும் எதிரெதிர். நான் கதவைத் தட்டி விடயத்தைச் சொன்னேன். அவர் டேனிஷில் சொன்ன பதிலை எங்கள் பேச்சில் அப்படியே தருகிறேன்: "என்ர கதை எல்லாத்தையும் பாக்கியத்திட்டக் குடுத்திட்டன். அவர் எழுதுறார். அவரைக் கேள்."

என்னிடம் பதினெட்டு வருடமாக மழையைப் பற்றி மட்டும் கதைத்த மனிதர், ரண்டர்ஸில் இருக்கும் உங்களுக்கு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் தன் வாழ்க்கையைச் சொல்லி வருகிறார் என்பதை நான் படிக்கட்டில் நின்றுதான் அறிந்துகொண்டேன்.

நீங்கள் எழுதியவற்றை வட்டத்திடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொலைபேசி மூன்று வருடமாக என் எண்ணை ஏற்பதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
குலேந்திரன்
செயலாளர்

பி.கு.: அவருடைய முழுப்பெயர் 'நீ ஓகை ஹோல்ம்' என்று அழைப்பிதழில் இருந்தது. எழுபத்துநாலு வயது மனிதரை 'நீ' என்று அச்சிடுவது பண்பல்ல என்று தலைவி மரியநாயகி திருத்தம் கொண்டுவந்தார். அழைப்பிதழ் இப்போது 'நீங்கள் ஓகை ஹோல்ம்' என்று போகிறது.


ரண்டர்ஸ்
14 செப்டம்பர் 2025

குலேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் கையால் எழுதிய கூட்டக் குறிப்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. 1620இல் டென்மார்க்கின் கப்பல்கள் எங்கள் திருகோணமலைக்கு வந்தன, ஆகவே டேனிஷ்காரர் ஆளப் பார்த்த ஆட்களில் நாங்களும் அடக்கம் என்று நான் சபையில் சொன்னேன். நீங்கள் அதற்கு எதிரே ஒரே சொல் எழுதினீர்கள்: 'ஆதாரமற்றது'. உங்கள் யாழ்ப்பாணத்தை டேனிஷ்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது உங்களைச் சுட்டது. அதற்கு நான் என்ன செய்ய? கப்பலைத் திருப்பிவிட எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.

ஆதாரமற்றவனிடம் இப்போது கதை கேட்கிறீர்கள். தர முடியாது.

என்ன கிடைக்காமல் போகிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1957இல் அவருக்கு ஆறு வயது. விடுதலை நாளன்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு சிறு கொடியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்களாம். கொடியை அசைக்கச் சொன்னபோது பிஸ்கட்டை எந்தக் கையில் வைப்பது என்று தெரியாமல் வாய்க்குள் போட்டுக்கொண்டார். அதனால் தேசிய கீதத்தைப் பாட முடியவில்லை. வாத்தியார் அடித்தார். சுதந்திர நாட்டின் முதல் அடி தனக்குத்தான் விழுந்தது என்பார்.

அவர்களுடைய ஊரில் ஒரு கோட்டை. டேனிஷ்காரர் கட்டியது, பெயர் கிறிஸ்தியான்ஸ்போர்க். கொப்பன்ஹேகனில் பாராளுமன்றம் இருக்கும் மாளிகைக்கும் அதே பெயர்தான். கீழே ஆட்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய அறைகள், மேலே கவர்னர். பிறகு அதைப் பிரிட்டிஷ்காரருக்கு விற்றார்கள். விடுதலைக்குப் பிறகு சொந்த அரசாங்கமும் அதே மேல்மாடியில் போய் இருந்தது. அவருடைய தகப்பன் அங்கே கிளாக்கர். வெள்ளைக்காரன் காலத்தில் பின்வாசலால் போனார். விடுதலைக்குப் பிறகும் பின்வாசல்தான். "முன்வாசலில் நிக்கிற கார் ஆரின்ர எண்டது மட்டும் மாறினது" என்றாராம்.

பிறகு அயல்நாட்டு லாகோஸில் ஆசிரியராக இருந்ததும், 83இல் கானாக்காரர் எல்லோரோடும் சேர்த்துத் துரத்தப்பட்டதும் இருக்கிறது. அதற்கு மூன்று ஞாயிறு பிடித்தது.

மிச்சம் புத்தகத்தில் வரும். தலைப்பை அவரே சொல்லிவிட்டார்: 'கறுவல்'. அதைப் பற்றி நீங்கள் அவரோடு எதுவும் கதைக்க வேண்டாம். காரணம் உங்களுக்குத் தெரியும்.

பாக்கியராசா


ஒடென்சே
25 செப்டம்பர் 2025

பாக்கியராசா,

உமது கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிஸ்கட் கதையை என்னிடம் அவர் சொன்னதில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நான் அவருக்கு ஒரு தகரம் நிறையப் பிஸ்கட் கொடுத்து வருகிறேன். ஒரு தடவையாவது நினைவு வந்திருக்கலாம்.

இதைத் தவமலரிடம் சொன்னேன். "அந்த மனுசனையே நீங்கள் கட்டியிருக்கலாம்" என்றாள். "எனக்கும் மத்தியானம் உங்களுக்குத் தனியச் சமைக்கிற வேலை மிச்சம்." இப்படியான வீட்டில் இருந்துகொண்டுதான் நான் இலக்கியம் செய்கிறேன்.

இரண்டு விடயங்கள்.

முதலாவது, அந்த 83. எங்கள் ஆட்களுக்கு 83 என்றால் எது என்று உமக்குத் தெரியும். அந்த வருடத்தில் இன்னொரு நாட்டில் இன்னொரு இனமும் துரத்தப்பட்டது என்றால் சபையில் குழப்பம் வரும். மரியநாயகியும் அதையே நினைக்கிறார். உரையில் '82இன் பிற்பகுதி' என்று சொல்ல ஹோல்ம் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாரும். ஒரு சில வாரம்தான் வித்தியாசம்.

இரண்டாவது, தலைப்பு. 'கறுவல்' என்றால் 'கூட்டத்தில் மூத்தவர்' என்று அவருக்குச் சொன்னது நீர். நான் அல்ல. அந்த மனிதர் அதை நம்பி, எங்கள் கலியாண வீடுகளில் வாழ்த்து மட்டையில் 'கறுவல்' என்று கையெழுத்துப் போட்டார். தொலைபேசியில் "கறுவல் பேசுறன்" என்றார். ஓய்வுபெற்ற அன்று கேக்கில் அந்தச் சொல்லை நாங்கள் எழுதிக் கொடுத்தபோது கண்கலங்கினார். கறுப்பன் என்று கேலியாகக் கூப்பிட்டதற்கு ஒருவர் கண்கலங்குவதைக் கேக் வெட்டுமிடத்தில் நின்று பார்த்தவர்களில் நீரும் ஒருவர். இப்போது அதையே அட்டையில் அச்சடித்து, அவர் கையில் கொடுக்கப் போகிறீர்.

மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றைக் கண்டும் பேசாமல் இருப்பது ஒரு வாசகர் வட்டச் செயலாளருக்கு அழகா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கங்களை நீர் அனுப்பினால் யோசிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

குலேந்திரன்


ரண்டர்ஸ்
5 அக்டோபர் 2025

குலேந்திரன்,

சொல்லாதேயும்.

பொருளை மாற்றிச் சொன்னது நான், ஓம். பெயரை வைத்தது ஆர்? முதல் நாள் ஹோல்ம் மேசைக்கு வந்து கையை நீட்டி, "நீ" என்றார். நீர் திரும்பி என்னைப் பார்த்து, "என்னடா, வந்ததும் வராததுமாய் 'நீ' எண்டுறான்" என்றீர். அது அவருடைய பெயர் என்று போர்மன் சொன்னார். எங்களைவிட மூத்த ஆளை எப்படி 'நீ, நீ' என்று கூப்பிடுவது என்று மத்தியானச் சாப்பாட்டில் கூடிக் கதைத்தோம். மரியாதை கெட்டுவிடும் என்று நீர்தான் சொன்னீர். மரியாதையைக் காப்பாற்ற நீர் கண்டுபிடித்த பெயர் 'கறுவல் அண்ணை'. அடுத்த கிழமையே அண்ணையும் உதிர்ந்துவிட்டது.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் என்னைத்தான் கேட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

திரேசா என்னைத் தனியே விட்டுப் போய் இரண்டு வருடம். செத்த வீட்டுக்கு வட்டத்தின் பெயரில் ஓர் இரங்கல் செய்தி வந்தது, கையொப்பம் செயலாளர். ஹோல்ம் ரயிலேறி வந்தார். நாலு நாள் நின்றார். அரிசி எவ்வளவு போடுவது என்று எனக்குக் காட்டித் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை. மகள் வினோதா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். வேலையால் வந்து களைத்துப் படுக்கிறாள், கதை கேட்க அவளுக்கு ஏலாது. எனக்குக் கிழமையில் ஒருவர் தொலைபேசி எடுக்கிறார் என்றால் அது அவர். புத்தகம் வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தொலைபேசி நிற்கக் கூடாது.

பக்கங்களின் பிரதி இத்துடன் இருக்கிறது. லாகோஸ் பகுதி முழுவதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் வெளியேறச் சொன்னதும், பாதி பாடத்தில் கரும்பலகையை அழிக்காமல் வந்ததும், பெட்டி வாங்க ஏலாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கட்டம்போட்ட பை வாங்கியதால் எல்லையில் எந்தப் பை ஆருடையது என்று தெரியாமல் போனதும் அதில் இருக்கிறது. சொந்த ஊருக்குப் போனால் அங்கே பஞ்சம். ஆட்களின் கழுத்தெலும்பு வெளியே தெரிந்ததாம். ஊரார் அதைச் சங்கிலி என்று பகிடி பண்ணினார்களாம். நாட்டுக்காரர் ஆண்ட காலம் அது.

இங்கே வந்திறங்கியபோது பொலிஸ்காரன் 'ஹோல்ம்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, "உங்கட அப்பா டேனிஷ்காரரோ?" என்று சந்தோசமாய்க் கேட்டானாம். "முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். ஆக்களை வாங்க வந்தவர்" என்று இவர் சொன்னாராம். பொலிஸ்காரன் அதைப் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் எழுதுவது என்று தேடினானாம்.

83ஐ மாற்றச் சொல்லிக் கேட்க மாட்டேன். உமக்கு வெட்கமில்லை.

பாக்கியம்


ஒடென்சே
21 அக்டோபர் 2025

பாக்கியம்,

பக்கங்களை வாசித்தேன். நூற்றுப் பதினாறு. நன்றாக எழுதியிருக்கிறாய். இதைச் சொல்வது எனக்குச் சுகமாக இல்லை.

நான் எங்கே வருகிறேன் என்று தேடினேன். தொழிற்சாலை வருகிறது. நீ பதினெட்டு இடத்தில் வருகிறாய். திரேசா வருகிறாள். தவமலரின் மீன்குழம்பு வருகிறது. தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில், ஒடென்சே வீட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில், இப்படி இருக்கிறது: 'எதிர்க்கதவில் ஒரு தமிழர் இருக்கிறார், வானிலையில் ஆர்வமுள்ளவர்.'

அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்த வருடம் அவருடைய சாமான் பைகளை மூன்றாம் மாடிக்குத் தூக்கியது ஆர்? மழையைப் பற்றி நான் கதைத்தது, அவர் வேறு எதையும் கதைக்காததால்.

அன்று பின்னேரம் அவர் நிலவறையில் உடுப்புத் தோய்க்கப் போனதைக் கண்டேன். நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கூடைக்குள் ஒன்றும் இல்லை. அவர் போர்வை போட்டிருந்தார். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கறுவல் எண்டா என்ன எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"கூட்டத்தில மூத்தவர்" என்றார்.

"மொழிபெயர்ப்பில ஒரு சின்னப் பிழை" என்று தொடங்கி, சொல்லிவிட்டேன்.

அவர் இயந்திரத்தின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சுச் சொன்னவையோ?"

"ஓம்."

"கலியாண வீடுகளிலயும்?"

"ஓம்."

"கேக்கில எழுதினதும் அதுதானோ?"

"அதுதான்" என்றேன். பெரிய 'ற' போட்டு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியது நான்தான் என்பதையும் தெரிவித்தேன். அந்த நேரத்தில் அது ஏதோ ஆறுதல் போல இருந்தது.

"ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

அதை விளக்கினேன். எங்கள் மொழியில் அந்தச் சொல் சின்னவர்களுக்கும் வேலைக்காரருக்கும் உரியது, மூத்த ஆளுக்கு மரியாதையில்லை என்றேன். அவர் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"நீ எண்டது எங்கட பாசையில மரியாதை. தலைவர்மாருக்கு முன்னால போடுறது. பாட்டன்ர பேர் வைச்ச பிள்ளைக்கும் போடுறது. அதைத்தான் மரியாதை இல்லை எண்டு விட்டனீங்களோ?"

நான் வெறுங்கூடையை நிலத்தில் வைத்தேன்.

"விடுதலை கிடைச்ச கிழமை எங்கட அப்பா பெரிய கிளாக்கரிட்டப் போய்க் கேட்டவர்," என்றார். "கொடியை இறக்கிப்போட்டியள், சரி. இந்த ஹோல்ம் எண்ட பேரை எந்த அரசாங்கக் கந்தோரில திருப்பிக் குடுக்கிறது எண்டு. அவருக்கும் தெரியேல்லை. பிறகு கேப்பம் எண்டு விட்டிட்டினம்." அடுத்ததாக, "பாக்கியத்துக்கு இது முதலே தெரியுமோ?" என்றார்.

தெரியும் என்றேன்.

இயந்திரம் முடிய இன்னும் நேரம் இருந்தது. அவர் நிற்கவில்லை. போர்வையை நான்தான் எடுத்துக் காயப்போட்டு, அவருடைய கதவுப் பிடியில் கொழுவினேன்.

செயலாளர் என்ற முறையில் செய்யவேண்டியதைச் செய்தேன் என்று எழுத நினைத்தேன். தவமலர் இதை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பிடி எழுதாதேங்கோ" என்றாள்.

குலேந்திரன்


ரண்டர்ஸ்
26 அக்டோபர் 2025

இன்று ஞாயிறு. தொலைபேசி வரவில்லை. நான் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது.

நீ அந்தப் பக்கங்களில் இல்லை என்று எரிந்தாய். உன்னைப் பற்றி அவர் சொன்னது இன்னும் மூன்று பக்கம் இருந்தது. பைகளைத் தூக்கியது, பிஸ்கட் தகரம், எல்லாம். ரயில் வரும்வரை ஸ்டேசனில் உன்னோடு சேர்ந்து வேர்க்கடலை தின்ற ஒரு நாள்கூட. 'நல்ல மனுசன், தன்னை நல்லவன் எண்டு ஆரும் சொல்லிப்போடுவினமோ எண்டு பயப்பிடுறவன்' என்றார். அவற்றைப் பிரதி எடுக்க முன் நான்தான் எடுத்து வைத்தேன்.

மூன்று பக்கம். அவ்வளவு உனக்கு எதற்கு என்று நினைத்தேன்.

பாக்கியம்


ஒடென்சே
27 நவம்பர் 2025

பாக்கியம்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டது கோபத்தினால் அல்ல. அந்த மூன்று பக்கத்தையும் கேட்டு எழுதத் தொடங்கி, நாலு தடவை கிழித்தேன்.

கூட்டம் நடந்தது. அவர் வரமாட்டார் என்று நினைத்து, மரியநாயகி இணையத்தில் எடுத்த ஒரு கட்டுரையைத் தயாராக வைத்திருந்தார். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. சாம்பல் நிறக் கோட், கழுத்துப் பட்டி. அழைப்பிதழைக் கையில் வைத்திருந்தார்.

டேனிஷில் பேசினார், மரியநாயகி தமிழில் சொன்னார். கோட்டையைச் சொன்னார். பின்வாசலைச் சொன்னார். அடிமை வியாபாரத்தை முதலில் தடைசெய்த நாடு தாங்கள்தான் என்று டேனிஷ்காரர் சொல்லிக்கொள்வதை, குடிப்பதை விட்டவர் தனக்குத் தானே மெடல் குத்திக்கொள்வதோடு ஒப்பிட்டார்; சபை சிரித்தது. பிறகு, தங்கள் ஆட்களே மேல்மாடிக்கு வந்ததும் கீழறைகளுக்குப் பூட்டு வாங்கினார்களே தவிர யன்னல் வைக்கவில்லை என்றார். சபை சிரிக்கவில்லை, யோசித்தது. 83 என்றார். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். 83 என்றால் அவர்கள் தாமாகவே தலையாட்டுவார்கள், எந்த 83 என்று கேட்பதில்லை. குழப்பம் எதுவும் வரவில்லை. நான் பயந்தது வீண்.

கடைசியில், "என்ர பேரை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். நாற்பத்தாறு பேர் இருந்தோம். எல்லோருக்கும் பெயர் தெரியும், ஆனால் ஒரு முதிய மனிதரின் முகத்துக்கு நேரே 'நீ' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மரியநாயகி மெதுவாக, "நீங்கள்" என்றார். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். தவமலர்தான் எழும்பினாள். "நீ ஓகை" என்றாள், அடுப்படியிலிருந்து பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில். அதன் பிறகு எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் குரல் தனியாகக் கேட்டிருக்காது.

முடிந்ததும் நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த நாட்டில் மாணவன் ஆசிரியரை, நோயாளி வைத்தியரை, எல்லோரும் எல்லோரையும் 'டூ', அதாவது 'நீ', என்றுதான் அழைப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் 'நீங்கள்' போன்ற 'டி' என்ற மரியாதைச் சொல்லை நான் இத்தனை வருடத்தில் இரண்டு இடத்தில்தான் கண்டிருக்கிறேன்: அரசருக்கு எழுதும்போது, மற்றது இனி ஒட்டுறவு இல்லை என்று காட்டவேண்டிய ஒருவருக்கு எழுதும்போது. அவரும் நானும் தொழிற்சாலையில் முதல் நாளிலிருந்து 'டூ'.

தேநீரை வாங்கிக்கொண்டு, "டி மிகவும் அன்பானவர், நன்றி" என்றார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அன்றிலிருந்து படிக்கட்டில் கண்டால் அப்படித்தான். நேற்று எனக்காகக் கீழ்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டி முன்னால் போங்கள்" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னை எப்படி அழைக்கிறார்? ஒளிக்காமல் எழுது.

குலேந்திரன்


ரண்டர்ஸ்
7 டிசம்பர் 2025

குலேந்திரன்,

போன ஞாயிறு எடுத்தார். என் முழங்கைவலி எப்படி என்று கேட்டார். வினோதாவைக் கேட்டார். 'டி' என்றுதான் கேட்டார்; உனக்கு அது ஆறுதல் என்றால் எடுத்துக்கொள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். முடியும்வரை இருந்து கேட்டார். பிறகு, எழுதிய பக்கங்களையும் தொலைபேசியில் சொன்னவற்றின் ஒலிப்பதிவுகளையும் அனுப்பிவைக்க முடியுமா என்றார். தான் டேனிஷில் எழுதப் போவதாகச் சொன்னார்.

உன்னுடைய மூன்று பக்கத்தை எடுத்து உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அவை அவருடையவை. சேர்த்துக் கட்டினேன்.

திங்கட்கிழமை பொதியை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வந்தது. கையொப்பம் இரண்டே சொல்: நீ ஓகை.

பாக்கியம்